தேரையைப் பையில் அடைத்தால் எதிர்ப்பாற்றல் ஏறுமா, இறங்குமா? என் தட்டுகள் பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை

மழைத்தேரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விலங்கியல் முதுகலை கடைசி வருடம். தேரைகளில் ஸ்ட்ரெஸ் ஹார்மோனும் நோய் எதிர்ப்பாற்றலும் என்று புராஜெக்ட் எடுத்திருக்கிறேன். எடுக்கும்போது நேர்கோடு மாதிரி தெரிந்தது. தேரையைப் பிடித்து அடைத்தால் கார்ட்டிகோஸ்டீரோன் என்ற அந்த ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறும், அது ஏறினால் எதிர்ப்பாற்றல் இறங்கும், இரண்டையும் அளந்து ஒரு வரைபடம் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

செய்தது இவ்வளவுதான். இருட்டும் நேரத்தில் தேரையைப் பிடித்த உடனே கொஞ்சம் ரத்தம் எடுத்தேன். அப்புறம் அதை ஒரு துணிப்பைக்குள் போட்டு வாயைக் கட்டி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம், அடுத்த நாள் அதே நேரத்துக்கு இன்னொரு தடவை. ரத்தத்தைச் சுழற்றி பிளாஸ்மாவைப் பிரித்து, ஈ.கோலை பாக்டீரியாவோடு கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, பெட்ரி தட்டில் பரப்பி, மறுநாள் காலையில் எத்தனை காலனி முளைத்திருக்கிறது என்று உட்கார்ந்து எண்ணினேன். காலனி குறைவாக இருந்தால் பிளாஸ்மா நன்றாகக் கொன்றிருக்கிறது என்று அர்த்தம். கார்ட்டிகோஸ்டீரோனை அளக்க எலைசா கிட் (ஹார்மோன் எவ்வளவு என்று நிறத்தை வைத்துக் காட்டும் சோதனை).

ஹார்மோன் சொன்னபடி ஏறிவிட்டது, அதில் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த பிளாஸ்மா, பாதிக்கும் மேற்பட்ட தேரைகளில், முதலில் எடுத்ததைவிட நன்றாகக் கொல்கிறது! எண்ணவே வேண்டாம், இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரிகிறது. மறுநாள் ரத்தத்தில் சிலதில் ஏற்றம், சிலதில் இறக்கம். வழிகாட்டி "எண்ணியதில் தப்பு, திரும்பச் செய்" என்றார். திரும்பச் செய்தேன், அதே கதைதான். பிரேசிலில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் தேரைகளை அடைத்து வைத்துச் செய்த வேலைகளைப் படித்தால், அங்கே ஹார்மோன் ஏறிக் கொல்லும் திறன் இறங்கியது என்றுதான் வருகிறது.

நான் எங்கே சொதப்பினேன்? இல்லை, பாடப்புத்தகத்தில் இருப்பதுதான் அரைகுறையா?


பைப்பெட் பிடித்த கை எழுதியது:

எண்ணியதில் தப்பு இருந்தால் இரண்டு பக்கமும் சிதறும், ஒரே பக்கமாகச் சாயாது. அதனால் தட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பல வருடம் இந்த வேலையைத்தான் செய்தேன், இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன், ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் அளந்தது என்ன என்று யோசியுங்கள். பிளாஸ்மாவில் வெள்ளையணு எதுவும் கிடையாது, சுழற்றும்போதே அது அடியில் போய்விட்டது. மேலே மிச்சம் இருப்பது காம்ப்ளிமென்ட் என்ற கிருமி கொல்லும் புரதங்கள், பிறவியிலேயே இருக்கும் ஆன்டிபாடிகள், பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் மாதிரி சமாச்சாரங்கள். அதாவது எதிர்ப்பாற்றல் என்ற பெரிய வீட்டில் ஒரே ஒரு அறையைத்தான் எட்டிப் பார்த்திருக்கிறீர்கள். இதை வைத்துக்கொண்டு "எதிர்ப்பாற்றல் ஏறியது" என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டாவது நேரம். கார்ட்டிகோஸ்டீரோன் செல்லுக்குள் போய், ஏற்பியோடு சேர்ந்து, உட்கருவில் ஜீன்களை முடுக்கியோ அடக்கியோதான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. புதுப் புரதம் உண்டாக வேண்டும், இல்லை பழைய புரதம் தீர வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும், தவளை மாதிரி குளிர்ரத்தப் பிராணியில் இன்னும் மெதுவாகவே நடக்கும். ஒரு மணி நேரத்தில் பிளாஸ்மா புரதம் இந்த வழியில் இவ்வளவு மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹார்மோனும் ஏறியது, கொல்லும் திறனும் ஏறியது, ஆனால் ஒன்றால்தான் இன்னொன்று என்று சொல்ல உங்களிடம் எதுவும் இல்லை.

அப்படியானால் எது ஏற்றியது? என் சந்தேகம் உங்கள் துணிப்பையின் மேல். பை உலர்ந்ததா, ஈரமா? தேரையின் தோல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, சும்மா உட்கார்ந்திருந்தாலே ஆவியாகிக்கொண்டிருக்கும், உலர்ந்த துணி வேறு பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். உடம்பில் தண்ணீர் குறைந்தால் பிளாஸ்மா கெட்டியாகும், அதே சொட்டில் புரதம் அதிகமாக இருக்கும், தட்டில் காலனி குறையும். ரசத்தைச் சுண்டவிட்டால் உப்புக் கரிக்கும், யாரும் புதிதாக உப்புப் போடவில்லையே, அந்த மாதிரி. அதுமட்டும்தான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். பாலைவனப் பல்லியான கிலா மான்ஸ்டரில் 2013-இல் ஒரு வேலை வந்தது, தண்ணீர்ப் பற்றாக்குறையில் இருந்த பல்லிகளின் பிளாஸ்மா கிருமிகளை நன்றாகவே கொன்றது. வறட்சிக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் வேறு ஏதோ ஒட்டுறவும் இருக்கிறது.

அதனால் அடுத்த தடவை பைக்குள் போடும் முன்பும் எடுத்த பின்பும் எடை பாருங்கள். ஹீமடோகிரிட்டும் எடுங்கள், நுண்குழாயில் ரத்தத்தைச் சுழற்றி சிவப்பணு எத்தனை பங்கு என்று அளக்க இரண்டு நிமிடம் போதும். (பல தடவை ரத்தம் எடுத்திருக்கிறீர்கள், அதனாலேயே சிவப்பணு குறையும், அதையும் கணக்கில் வையுங்கள்.) அப்புறம் பையில் போடாமல் ஈரமான பெட்டியில் சும்மா விட்ட ஒரு குழுவும் வேண்டும். அது இல்லாமல் எந்த முடிவும் நிற்காது.

37 டிகிரியும் இடிக்கிறது. பாக்டீரியாவுக்கு அது சுகம், தேரையின் உடம்பு அந்தச் சூட்டில் இருப்பதே இல்லை. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், ஒப்பிடவும் வசதி, ஆனால் கொஞ்சம் மாதிரிகளையாவது தேரையின் சொந்த வெப்பநிலையில் வைத்துப் பாருங்கள், முடிவு வேறாக வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.


குளக்கரை எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. கேள்வியின் கடைசி வரிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்: ஆமாம், பாடப்புத்தகம் அரைகுறைதான்.

ஸ்ட்ரெஸ் வந்தால் எதிர்ப்பாற்றல் படுத்துவிடும் என்ற எண்ணம் ஹான்ஸ் செல்யே 1936-இல் எலிகளைப் படுத்திய பாட்டிலிருந்து வந்தது. குளிர், காயம், விஷம் என்று எதைக் கொடுத்தாலும் அட்ரினல் சுரப்பி பெருத்து, தைமஸ் (லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் முதிரும் உறுப்பு) சுருங்கி, வயிற்றில் புண் வந்தது. தைமஸ் சுருங்கியதைப் பார்த்தவர்கள் எதிர்ப்பாற்றல் போச்சு என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது நாட்கணக்கில் விடாமல் வதைத்த எலி என்பது பிற்பாடு மறந்துபோனது.

1990-களில் ஃபிர்தௌஸ் தாபரும் புரூஸ் மெக்கியூவனும் எலிகளைக் கொஞ்ச நேரம் மட்டும் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் லிம்போசைட் சரசரவென்று குறைந்தது. ஆனால் அவை செத்துப்போகவில்லை, தோல் மாதிரி இடங்களுக்கு நகர்ந்திருந்தன, தோலில் எதிர்ப்பு வினை கூடவே செய்தது. வீட்டில் ஆள் இல்லை என்றால் ஊரைவிட்டே ஓடிவிட்டார் என்று சொல்வோமா, வயலுக்குப் போயிருக்கலாமே. கொஞ்ச நேர நெருக்கடியில் ஆட்களை வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்புவதும், அது வாரக்கணக்கில் நீண்டால் ஆட்களையே குறைப்பதும் ஒரே ஹார்மோன் செய்யும் இரண்டு வேலைகள்.

தவளைக்காரர்கள் இதைத்தான் நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவுக்கும் லிம்போசைட்டுக்கும் உள்ள விகிதமாக அளக்கிறார்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தை இழுத்து, சாயம் போட்டு, நுண்நோக்கியில் நூறு வெள்ளையணு எண்ணினால் போதும், கிட் செலவு இல்லை. ஸ்ட்ரெஸ் வந்தால் விகிதம் ஏறும், ஆனால் ஹார்மோன் மாதிரி நிமிடக்கணக்கில் அல்ல, குளிர்ரத்தப் பிராணிகளில் பல மணி நேரம், சில சமயம் நாட்களும் ஆகும். உங்கள் ஒரு மணி நேர ரத்தத்தில் அது ஏறாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், மறுநாள் ரத்தத்தில் பாருங்கள். தகடு இழுத்து வைத்தீர்களா?


மழைத்தேரை எழுதியது:

தகடு இழுத்து வைத்திருக்கிறேன், சாயம் போடவில்லை. நல்லவேளை எதையும் தூக்கிப் போடவில்லை.

பை உலர்ந்த துணிதான். எடை பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். எதிர்ப்பாற்றலைக் கெடுக்கும் ஒரு ஹார்மோனை உடம்பு எதற்காக வைத்துக்கொண்டிருக்கிறது? நீண்ட நாள் ஏறியிருந்தால் கெடுதல் என்றால் பரிணாமத்தில் இது எப்போதோ கழிந்து போயிருக்க வேண்டாமா?


வாலறுந்தவள் எழுதியது:

இந்தக் கேள்விக்குத் தேரையைப் பார்க்காதீர்கள், தலைப்பிரட்டையைப் பாருங்கள். நான் தலைப்பிரட்டை ஆள், அதனால் என் பக்கம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு அட்ரினல் என்று சிறுநீரகத்தின் தலையில் தனிச் சுரப்பி இருக்கிறது. தவளைக்கு அந்தச் செல்கள் சிறுநீரகத்தின் மேலேயே பரவிக் கிடக்கும், ஆப்பிரிக்கத் தவளை ஜெனோபஸை அறுத்தால் சிறுநீரகத்தின் மேல் மஞ்சளாகத் தெரியும். மூளையில் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற சிறு ஹார்மோனை விடும், அது பிட்யூட்டரியைத் தட்டும், பிட்யூட்டரி இந்தச் செல்களைத் தட்டும், கார்ட்டிகோஸ்டீரோன் வரும். இதுவரை எலிக்கும் தவளைக்கும் ஒரே கதை. வித்தியாசம் என்னவென்றால் தலைப்பிரட்டையில் அதே சி.ஆர்.எச். தைராய்டையும் சேர்த்தே கிளப்பிவிடும். தைராய்டு ஹார்மோன்தான் வாலைக் கரைத்து காலை முளைக்க வைப்பது. ஆக, ஸ்ட்ரெஸ் மணியும் உருமாற்ற மணியும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது.

ஏன் கட்டியிருக்கிறது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டென்வர் ஸ்பேட்ஃபுட் தேரைகளில் காட்டினார். அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில் மழைக்குட்டையில் முட்டையிடும் இனம் அது. குட்டை வற்ற ஆரம்பித்தால் தலைப்பிரட்டைக்கு இரண்டே வழி, சீக்கிரம் கால் முளைத்து வெளியேற வேண்டும், இல்லை சேற்றில் காய்ந்து சாக வேண்டும். தண்ணீர் குறையக் குறைய சி.ஆர்.எச். ஏறுகிறது, கார்ட்டிகோஸ்டீரோனும் தைராய்டு ஹார்மோனும் ஏறுகின்றன, உருமாற்றம் முந்திக்கொள்கிறது. சி.ஆர்.எச். வேலை செய்யாமல் தடுத்தால் வேகம் குறைகிறது. அதிலும் கார்ட்டிகோஸ்டீரோன் ஒரு உதவியும் செய்கிறது: திசுக்களில் தைராய்டு ஹார்மோனை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றும் என்சைமைக் கூட்டிவிடுகிறது, அதனால் இருக்கிற ஹார்மோனுக்கே பலம் கூடுகிறது. வெளியே வரும் குட்டித் தேரை சின்னதாக இருக்கும், ஆனால் உயிரோடு இருக்கும்.

இப்போது எதிர்ப்பாற்றலுக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. தலைப்பிரட்டைக்கென்று ஒரு எதிர்ப்பு அமைப்பு உண்டு, அது தலைப்பிரட்டையின் உடம்பை "என்னுடையது" என்று கற்றுக்கொண்டது. திடீரென்று சில வாரத்துக்குள் பெரிய தவளையின் திசுக்கள் வருகின்றன, இதுவரை உடம்பில் இல்லாத புதுப் புரதங்களோடு. பழைய லிம்போசைட்டுகள் அப்படியே இருந்தால் சொந்தக் காலையே அந்நியன் என்று தாக்கும் அபாயம் இருக்கிறது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ராலின்ஸ்-ஸ்மித் ஜெனோபஸில் பார்த்தது இதுதான்: உருமாற்றம் உச்சத்தில் இருக்கும்போது தைமஸிலும் மண்ணீரலிலும் லிம்போசைட் பெருமளவு சாகிறது, சாகடிப்பது அப்போது உச்சத்தில் இருக்கும் கார்ட்டிகோஸ்டீராய்டுகள் (கார்ட்டிகோஸ்டீரோனும் அதன் வகை ஹார்மோன்களும்). பிறகு புதிய தலைமுறை வளர்ந்து புதிய உடம்பைக் கற்றுக்கொள்கிறது. அதாவது எதிர்ப்பாற்றலை அடக்குவது அங்கே பிழை இல்லை, வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய காவல்காரரை அனுப்பிவைப்பது மாதிரி. உங்கள் ஹார்மோன் பரிணாமத்தில் கழியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். கார்ட்டிகோஸ்டீரோன் அறவே இல்லாவிட்டால் உருமாற்றமே ஒழுங்காக முடியாது.

அந்த இடைவெளிக்கு ஒரு விலையும் உண்டு. ஸ்பெயினில் மாட்ரிட் பக்கத்து மலையில் பெனியலாரா என்ற இடத்தில் 1990-களின் கடைசியில் மருத்துவச்சித் தேரைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. காரணம் கைட்ரிட் என்ற, தவளை தேரைகளின் தோலைத் தாக்கும் பூஞ்சை. செத்ததெல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் கால் முளைத்து வெளியே வந்த குட்டிகள். தலைப்பிரட்டையில் அந்தப் பூஞ்சைக்கு வாயோரம் இருக்கும் கெரட்டின் மட்டும்தான் இடம், உருமாறியதும் உடம்பு முழுக்கக் கெரட்டின் தோல் வந்துவிடுகிறது, எதிர்ப்பாற்றலோ இன்னும் பாதி கட்டிய வீடு.

இரை தின்னிகளைப் பற்றியும் ஒரு வரி. தும்பி லார்வா இருக்கும் தண்ணீரில் தலைப்பிரட்டையை விட்டால் முதலில் அசையாமல் கிடக்கும், அப்போது அதன் கார்ட்டிகோஸ்டீரோன் ஏறாது, இறங்கும்! நாட்கணக்கில் அந்த வாசனையிலேயே இருந்தால் ஏறும், வால் அகலமாகும், அகல வால் உள்ளது தப்பிக்கும். ஆபத்து என்றால் ஹார்மோன் ஏறும் என்று இங்கேயும் ஒரே வரியில் எழுத முடியாது.


நெல்மணி எழுதியது:

நான் விஞ்ஞானி இல்லை, வீட்டில் மரத்தவளை இரண்டு வளர்க்கிறேன். ஒன்று கேட்கலாமா? கைட்ரிட் பூஞ்சையால் உலகம் முழுக்கத் தவளை சாகிறது என்கிறார்கள், காடு அழிந்து ஸ்ட்ரெஸ் ஆகி எதிர்ப்பாற்றல் குறைந்துதான் பூஞ்சை பிடிக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அது உண்மையா? நான் அடிக்கடி தொட்டியைத் தட்டிப் பார்ப்பேன், அதனால் அதுகளுக்கு நோய் வருமா?


குளக்கரை எழுதியது:

தட்டாதீர்கள், தட்டி என்ன கிடைக்கப் போகிறது :)

வீடியோவில் சொன்னது அழகான கதை, ஆதாரம் அவ்வளவு அழகாக இல்லை. 2019-இல் சயின்ஸ் இதழில் வந்த கணக்குப்படி இந்தப் பூஞ்சையால் 501 இனங்கள் குறைந்திருக்கின்றன, அதில் 90 அழிந்தே போயிருக்கலாம். அதில் பல இனங்கள் ஆள் நடமாட்டமே இல்லாத மலைக்காட்டில், தெளிந்த ஓடையில் இருந்தவை. அங்கே மரம் வெட்டியும் இல்லை, ரோடும் இல்லை. புதிய கிருமி, பழக்கமில்லாத தவளை, அதுவே போதுமானதாக இருந்தது.

சோதனைக்கூடத்தில் நேராகவே பார்த்திருக்கிறார்கள். தலைப்பிரட்டை இருக்கும் தண்ணீரில் கார்ட்டிகோஸ்டீரோனைக் கலந்துவிட்டுப் பூஞ்சையைக் கொடுத்தார்கள், நோய்த் தொற்று கூடவில்லை என்று 2014-இல் ஒரு கட்டுரை. ஒரு வகை சாலமாண்டரில் நீண்ட நாள் ஹார்மோன் ஏற்றியபோது பூஞ்சை கூடியது என்று இன்னொரு கட்டுரை. இரண்டும் உண்மையாக இருக்கலாம், இனம் வேறு, வயது வேறு, எத்தனை நாள் என்பதும் வேறு.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பூஞ்சை பிடித்த தவளையின் ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீரோன் அதிகம் என்று பல பேர் காட்டியிருக்கிறார்கள், உடனே "பார், ஸ்ட்ரெஸ்ஸால்தான் நோய்" என்பார்கள். 2009-இல் தெரிந்தது என்னவென்றால், பூஞ்சை தோலின் உப்புக் கடத்தும் வேலையைக் கெடுத்து, ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிந்து, கடைசியில் இதயம் நின்றுதான் தவளை சாகிறது. உடம்பிலிருந்து உப்பு ஓடிக்கொண்டிருக்கும் பிராணிக்கு இந்த ஹார்மோன் ஏறாமல் இருந்தால்தான் அதிசயம், உப்பைப் பிடித்து வைப்பதும் அந்தச் சுரப்பிச் செல்களின் வேலைதான். வீடு எரியும்போது தீயணைப்பு வண்டி நிற்கிறது என்பதற்காக வண்டிதான் கொளுத்தியது என்று சொல்ல முடியுமா? போதாக்குறைக்கு இந்தப் பூஞ்சை தானே லிம்போசைட்டுகளை முடக்கும் பொருட்களை வெளியிடுகிறது, அதற்கு ஸ்ட்ரெஸ்ஸின் தயவு வேண்டியதில்லை.


பைப்பெட் பிடித்த கை எழுதியது:

குளக்கரை சொல்வதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஸ்ட்ரெஸ்ஸை ஒரேயடியாக வெளியே தள்ளவும் முடியாது. ஐரோப்பிய மரத்தவளையில் வண்டிச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார்கள், ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறியது, எதிர்ப்பு வினை குறைந்தது, ஆணின் தொண்டைப் பையின் நிறமும் மங்கியது. அது வெறும் தற்செயல் இல்லை.

தோலையும் மறந்துவிடக் கூடாது, தவளைக்கு முதல் கோட்டையே அதுதான். மைக்கேல் ஜாஸ்லாஃப் ஜெனோபஸ் தவளைகளை அறுத்து சினைப்பையை எடுத்துத் தைத்து, கிருமி நிறைந்த தொட்டித் தண்ணீரிலேயே திரும்ப விட்டுக்கொண்டிருந்தார். காயம் சீழ் பிடிக்கவே இல்லை. ஏன் என்று தேடிப்போய் 1987-இல் தோலிலிருந்து கிருமி கொல்லும் குட்டிப் புரதங்களை எடுத்தார், கேடயம் என்று பொருள்படும் ஹீப்ரு சொல்லிலிருந்து மகாயினின் என்று பெயர் வைத்தார். தோலின் சுரப்பிகளில் சேர்ந்திருக்கும் இந்தச் சரக்கைச் சேகரிக்க நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? நார்அட்ரினலின் (திடுக்கிட்டால் உடம்பே விடும் ஹார்மோன்) ஊசி போடுவோம். கொஞ்ச நேரத்தில் முதுகில் பால் மாதிரி வெள்ளையாகக் கசியும், கழுவி எடுத்துக்கொள்வோம். ஆக, திடுக்கிடும் நொடியில் உடம்பு கேடயத்தை வெளியே எடுக்கிறது. அதே தோலில் நீண்ட நேரம் குளுக்கோகார்ட்டிகாய்டு (கார்ட்டிகோஸ்டீரோன் வகை ஹார்மோன்) இருந்தால் அந்தப் புரதங்களைத் தயாரிக்கும் ஜீன்கள் அடங்கிப்போகின்றன, 1997-இல் ஐரோப்பாவில் மனிதர்கள் உண்ணும் தவளை இனத்தில் அதைக் காட்டியிருக்கிறார்கள். கிடங்கைத் திறப்பது ஒரு கை, தொழிற்சாலையை மூடுவது இன்னொரு கை.

நெல்மணி, தட்டினால் நோய் வராது, ஆனால் தவளை வீணாகச் சரக்கைக் கொட்டக்கூடும். உங்கள் தவளைகளுக்கு அதைவிட முக்கியம் சூடு. சரியான வெப்பநிலையில் ஒரு மூலையாவது இருக்கட்டும். 2024-இல் ஆஸ்திரேலியாவில் அந்தோனி வாடில் குழு, ஓட்டைச் செங்கல்லை அடுக்கி மேலே சின்னக் கண்ணாடிக்கூடம் மாதிரி மூடி வெயிலில் வைத்தார்கள். தவளைகள் தானாகப் போய் ஓட்டைக்குள் உட்கார்ந்து உடம்பைச் சூடாக்கிப் பூஞ்சையை விரட்டின. அப்படித் தேறிய தவளைகளுக்குப் பிறகு குளிரில் வைத்தாலும் அந்தப் பூஞ்சையைத் தாங்கும் சக்தி இருந்தது. ஹார்மோனைப் பற்றி நாம் அடித்துக்கொள்ளும்போது செங்கல் வேலையை முடித்துவிட்டது.


வாலறுந்தவள் எழுதியது:

மழைத்தேரைக்கு ஒரு அளவை யோசனை. பிடித்த உடனே ரத்தம் என்றீர்கள், எத்தனை நிமிடம்? மூன்று நிமிடத்துக்குள் எடுத்தால்தான் அடிப்படை அளவு என்று பறவைக்காரர்கள் வைத்த கணக்கு, தவளையில் கொஞ்சம் தாராளம் உண்டு என்றாலும் பிடித்த நொடியிலிருந்து கடிகாரத்தை ஓடவிட்டு ஒவ்வொன்றுக்கும் நேரத்தை எழுதி வையுங்கள். கத்திக்கொண்டிருந்த ஆணையா, சும்மா போய்க்கொண்டிருந்ததையா பிடித்தீர்கள் என்பதும் வேண்டும். இரவெல்லாம் கத்தும் ஆணுக்கு டெஸ்டோஸ்டீரோனும் கார்ட்டிகோஸ்டீரோனும் சேர்ந்தே ஏறியிருக்கும், அந்த வேலைக்கு அவ்வளவு ஆற்றல் வேண்டியிருக்கிறது. அது துன்பப்படுகிறது என்று அர்த்தமில்லை, மும்முரமாக இருக்கிறது.

சின்னத் தலைப்பிரட்டையில் போதுமான ரத்தம் எடுப்பது கஷ்டம் என்பதால் நாங்கள் தண்ணீர் வழியில் போவோம். சுத்தமான கண்ணாடிக் குவளையில் ஒரு மணி நேரம் நீந்தவிட்டு, எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரிலிருந்து ஹார்மோனைப் பிரிப்போம். டெக்சாஸில் கெய்ட்லின் கேபர் குழு இதை நன்றாகச் சரிபார்த்திருக்கிறது. தேரைக்கும் செய்யலாம், ஊசியே வேண்டாம். ஹார்மோனைக் கொடுக்கவும் ஊசி வேண்டாம், நல்லெண்ணெயில் கரைத்து முதுகில் ஒரு சொட்டு விட்டால் தோல் உறிஞ்சிக்கொள்ளும், வெறும் எண்ணெய் விட்ட குழு ஒன்று ஒப்பிட. பையில் அடைக்காமலேயே ஹார்மோன் மட்டும் ஏறினால் பிளாஸ்மா என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். வழிகாட்டியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.


மழைத்தேரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தகடுகளுக்குச் சாயம் போட்டுவிட்டேன், மறுநாள் ரத்தத்தில் விகிதம் நன்றாகவே ஏறியிருக்கிறது, ஒரு மணி நேரத்தில் ஒன்றுமில்லை. குளக்கரை சொன்ன மாதிரியே.

நேற்று எடையும் பார்த்தேன். பிடித்ததும் தராசில் வைத்தேன், வைத்த நொடியே தராசு முழுக்க மூத்திரம். அது எடையில் சேர்த்தியா இல்லையா? பைக்குள்ளும் போயிருக்குமே, அப்போது எடை குறைந்ததில் எவ்வளவு தோல் வழியாகப் போனது, எவ்வளவு இப்படிப் போனது என்று எப்படிப் பிரிப்பது?


பைப்பெட் பிடித்த கை எழுதியது:

எல்லாத் தேரையும் அதைத்தான் செய்யும், பிடித்தால் முதல் மரியாதை அது. அவற்றுக்கு மூத்திரப்பைதான் தண்ணீர்த் தொட்டி, காய்ந்தால் அதிலிருந்தே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால் எடைக்கு முன்னால் மெல்லிய குழாயை விட்டு முழுக்கக் காலி செய்துவிடுங்கள், பிறகு எடை, பிறகு பை. ஒரு குழுவுக்கு மட்டும் காலி செய்து இன்னொன்றை விட்டுவிடாதீர்கள், தொட்டி நிறைந்திருக்கும் தேரை காய்வதே வேறு கணக்கு.

இன்னொரு குழுவுக்கு ஈரத்துணிப் பை வைக்கப் போகிறீர்கள் என்றால் ஜாக்கிரதை, வயிற்றுத் தோல் வழியாக ஈரத் துணியிலிருந்தும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்போது எடை கூடிவிட்டது என்று இங்கே வந்து இன்னொரு கேள்வி போடுவீர்கள்.


மழைத்தேரை எழுதியது:

ஈரத்துணிக் குழுவும் செய்தாகிவிட்டது. இரண்டு தேரைக்கு எடை கூடியிருக்கிறது. கேள்வியை நாளைக்குப் போடுகிறேன்.